சர்வர் நிரம்பிய வாரம்

துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, அதன் பேப்பர்களை ஸ்கேன் செய்து சேமிக்கப் போனால் சர்வரில் இடமில்லை என்று வருகிறது. எக்ஸ்போர்ட் பிரிவில் ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். மேனேஜர் அறையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் நான் சிஸ்டம் அட்மின். பேர்தான் பெரிது. பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதிலிருந்து சர்வரைப் பார்த்துக்கொள்வது வரை எல்லாம் என் தலையில்தான். பீச் ரோட்டில் தலைமை அலுவலகம், துறைமுக வாசலில் சின்ன ஆபீஸ் ஒன்று, பைபாஸ் பக்கம் கன்டெய்னர் யார்டு. மூன்றுக்கும் ஒரே சர்வர். விளாத்திகுளத்துக் கரிசல் காட்டிலிருந்து வந்தவள் நான். கப்பல் பேச்சு எடுத்தாலே ஒன்றும் தெரியாமல் வாயை மூடிக்கொள்வேன்.

“எதை எவன் எங்க போட்டு வச்சிருக்கான்னு எனக்கு முழுசா தெரியணும்” என்றார் மேனேஜர்.

அப்போதைக்குப் பழைய பேக்கப் ஒன்றை அழித்துக் கப்பலை அனுப்பி வைத்தேன். பிறகு கணக்கெடுப்பில் இறங்கினேன். சர்வர் முழுக்க ஓடி, ஒவ்வொரு ஃபோல்டரும் யாருடையது, எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று எழுதித் தரும் சின்ன புரோகிராம் ஒன்றை ஓடவிட்டேன். சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் தயார். பார்த்தால் சிரிப்பு வந்தது. உப்பு ஏற்றுமதிக் கடிதம் ஒன்று ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘இதுதான் ஃபைனல்’ என்று பத்துப் பதினைந்து வேஷத்தில் கிடந்தது. அது போகட்டும், தம்மாத்துண்டு ஃபைல். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது வேறு சமாச்சாரம். அக்கவுன்ட்ஸ் அக்கா மணப்பாட்டுக்காரர். ஊர்க் கோவில் திருவிழா வீடியோக்களை வருஷ வாரியாக அடுக்கி வைத்திருந்தார். யார்டு சூப்பர்வைசர் அண்ணாச்சியிடம் மீன் குழம்பு வைக்கிற வீடியோக்கள். கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் காயல்பட்டினத்துக் காக்காவிடம் வீடு கட்டுகிற படங்கள். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர் தம்பி துபாயில் இருக்கிறார். தம்பி வீட்டு வேலையை இங்கே காக்காதான் மேற்பார்வை பார்க்கிறார்.

மேனேஜர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“இத அப்படியே எல்லாருக்கும் மெயில் பண்ணு. மானம் போயிருமேன்னு அவனவனே அழிச்சிருவான்.”

“சார், அவங்கவங்களுக்குத் தனியா அனுப்பிரட்டுமா?”

“வேண்டாம். எல்லாருக்கும் போகணும்.”

அனுப்பினேன். ஆபீஸே வேலையை விட்டுவிட்டது. எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எக்ஸ்போர்ட் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்து அக்கவுன்ட்ஸ் பக்கம் போனார்.

“எக்கா, உங்ககிட்ட மணப்பாடு வீடியோ இருக்காமே? எங்க அம்மாவுக்கு அந்தத் திருவிழாப் பாட்டுன்னா உசுரு. ஒரு காப்பி எடுத்துக்கிடட்டா?”

“எடுத்துக்கிடுங்க. போன வருஷத்துது ரொம்ப நல்லா இருக்கும்.”

அவ்வளவுதான். யார்டிலிருந்து போன் மேல் போன். சூப்பர்வைசர் அண்ணாச்சியின் குழம்பு ஒரே நாளில் மூன்று ஆபீஸிலும் பிரபலமாகிவிட்டது. சாளை மீனுக்குப் புளியா மாங்காயா என்று பெரிய விவாதம். வீட்டம்மாவுக்குக் காட்ட வேண்டுமென்று ஒவ்வொருவரும் தங்கள் ஃபோல்டருக்குள் ஒரு காப்பி போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் மேனேஜர் கேட்டார்: “என்னம்மா, குறைஞ்சிருக்கா?”

“கூடியிருக்கு சார்.”

“என்னது?”

“அழிக்கல சார். காப்பி எடுத்துக்கிட்டாங்க.”

அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். சிரித்துவிடுவேன் என்று பயம்.

என் இடத்துக்கு வந்தால் காக்கா நின்றுகொண்டிருந்தார். சத்தமாகவே பேசத் தெரியாத மனிதர். அன்று இன்னும் தணிந்த குரலில் சொன்னார்.

“தம்பி வீட்டுப் படத்தை எல்லாரும் திறந்து பாக்காங்கம்மா. மாடிப்படிக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம்னு ஒருத்தர் வந்து சொல்லுதார். அது பரவாயில்ல. வீட்டுப் பொம்பளைங்க படமும் அதுல சேந்து கிடக்கு.”

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. நான் வருவதற்கு முன்பே யாரோ எல்லா ஃபோல்டரையும் எல்லோருக்கும் திறந்து போட்டிருந்தார்கள். பூட்டலாம் என்று நான் கேட்டபோதெல்லாம் ‘வேலை தடைபடும்’ என்று தள்ளிப்போட்டவர் மேனேஜர். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. காக்கா பக்கத்தில் நிற்கும்போதே அவருடைய ஃபோல்டரைப் பூட்டினேன். வேறு இடங்களுக்குப் போயிருந்த அந்தப் படங்களின் காப்பிகளைத் தேடி, ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொல்லி அழிக்க வைத்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. பெயின்ட் யோசனை சொன்னவர் நேரே காக்காவிடம் போய், “மன்னிச்சிருங்க காக்கா, வீட்டை மட்டும்தான் பாத்தேன்” என்றார்.

பிறகு மேனேஜர் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து காக்காவின் மேஜைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன்.

“நான்தான் எல்லாருக்கும் அனுப்பச் சொன்னேன். அந்தப் பிள்ளை தனித்தனியா அனுப்பலாம்னுதான் சொல்லுச்சு. தப்பு என்னுது.”

“விடுங்க சார்” என்றார் காக்கா. “ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டதும் தப்புதானே.”

அந்த வாரம் முழுக்க நான் மேஜை மேஜையாகப் போய் உட்கார்ந்தேன். எது ஆபீஸுக்கு வேண்டும், எது வீட்டுக்கு, எது யாருக்குமே வேண்டாம் என்று ஒவ்வொருவரோடும் சேர்ந்து பிரித்தோம். வீட்டுக்குப் போக வேண்டியது பென் டிரைவில் ஏறியது. அக்கவுன்ட்ஸ் அக்கா ஒவ்வொரு வீடியோவையும் போட்டுக் காட்டிவிட்டுத்தான் நகர்த்த விட்டார். யார்டில் வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் அண்ணாச்சி என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கப்பலில் ஏற்றிக் காட்டினார். ஏணியின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மேலே போய் நின்றதும் இறங்கவே மனசில்லை.

வெள்ளிக்கிழமை சர்வரில் பாதி இடம் காலி. ரிப்போர்ட் இப்போது மாதா மாதம் போகிறது. அவரவருக்கு அவரவருடையது மட்டும். மேனேஜருக்கு மொத்தக் கணக்கு.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வழக்கம்போல் சர்வர் ரூமில் ஏசியைப் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். அக்கவுன்ட்ஸ் அக்கா கதவைத் தட்டினார்.

“ஏளா, தனியா உக்காந்து என்ன செய்யுத? சாளைக் குழம்பு கொண்டாந்திருக்கேன். மாங்கா போட்டது. வந்து சொல்லு எப்படி இருக்குன்னு.”

டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.