டானிக் குடித்த கடலை

ஊசி போடுமுன் கையில் பஞ்சு தேய்ப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை. மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி. எனக்குக் கம்பைநல்லூர்ப் பக்கத்து நிலக்கடலைக் காடு. எண்பதுகளின் நடுவில் அக்கா வீட்டுக்காரர், என் மாமா, அந்த வாசனையைத்தான் தருமபுரி பூச்சிமருந்துக் கடையிலிருந்து ஒரு பாட்டிலில் வாங்கி வந்தார். கடைக்காரர் 'பயிர் வளர்ச்சி ஊக்கி' என்றாராம். அவ்வளவு நீளம் மாமாவின் வாயில் நுழையவில்லை. டானிக் என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்.

வாங்கியதற்குக் காரணம் பயிர் அல்ல, மாமாவின் தம்பி. ஒரே கிணறு, வரப்புக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. கோடையில் முதலில் மோட்டார் போடுகிறவருக்குத் தண்ணீர், அடுத்தவருக்குச் சேறு. அந்த மார்கழியில் கடலை விதைத்த கையோடு, மாதா கோயில் வாசலிலேயே இருவரும் பந்தயம் கட்டினார்கள்: யார் காட்டில் காய் அதிகமோ, கோடை முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில் முதல் முறை அவருக்கு. கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் முகம் செத்துப்போனது. அந்தக் கோடைத் தண்ணீரை நம்பித்தான் அவள் தக்காளி போட இடம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

அந்தக் கடலை முடியும்வரை அக்கா வீட்டில் தங்கியிருந்த நான்தான் பாட்டில் மேலிருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னேன். ஒரு டேங்க் தண்ணீருக்குச் சில சொட்டுகள். மாமா மூடியைத் திறந்து மோந்தார். முகம் மலர்ந்தது.

"சரக்கு வாசனைடா இது! தண்ணி கலக்கறவன் யாரு? சாராயக் கடைக்காரன். என் பயிருக்கு நான் அந்தத் துரோகத்தப் பண்ணுவனா?"

"சொட்டுன்னுதான் போட்டிருக்குதுங்க மாமா."

"படிச்சவனுக்குக் கையி சின்னது. தள்ளி நில்லு."

மூடி மூடியாக ஊற்றினார். டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, தீர்த்தம் தெளிக்கும் பங்குச் சாமியாரைப் போல ஒரு செடி விடாமல் ஆசீர்வதித்தார். பூ எடுத்தபோது மறுபடியும்.

வளர்ந்தது. ஐயோ, எப்படி வளர்ந்தது! முழங்காலைத் தாண்டி, இடுப்பை எட்டிப் பார்த்து, காற்று தள்ளினால் சாய்ந்து, சாய்ந்த இடத்திலிருந்து மறுபடி தலை தூக்கி, மாசிப் பனியில் அலை அலையாக ஒரு பச்சைப் பொய். பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பினார்கள். திரும்புகிற கழுத்துகளைப் பார்ப்பதற்கென்றே மாமா ரோட்டோரம் போய் நின்றார். தம்பி தன் குட்டைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தார்.

அக்காதான் ஒருநாள் குனிந்து இலையை விலக்கிப் பார்த்தாள். கடலைக்குப் பூ மேலே, காய் கீழே. பூவிலிருந்து ஒரு விழுது இறங்கி மண்ணுக்குள் போனால்தான் காய். இங்கே பூவெல்லாம் மாடியில் குடியிருந்தது. விழுதுகள் மண் எட்டாமல், கயிறு போதாத வாளிகளாக அந்தரத்தில் தொங்கின.

"இது எப்பிடிங்க காய் புடிக்கும்?"

"கண்ணு வெக்காத, போ."

எங்கள் பக்கம் கடலை பறிக்கும் பெண்களுக்குக் காய்தான் கூலி. பறித்ததில் ஒரு பங்கு. அதற்காகவே போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். வந்தவர்கள் ஓரத்தில் ஒரு செடியைப் பிடுங்கி உதறினார்கள். மண் உதிர்ந்தது. சுண்டுவிரல் நுனி அளவில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு செடியை உதறினார்கள். வெறும் மண். ஒருத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்:

"அண்ணா, இந்த வாட்டி எங்களுக்குக் காசாவே குடுத்துருங்க. காய நீங்களே வெச்சுக்குங்க, புள்ளகுட்டிக்காரரு."

வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி சிரித்த சிரிப்பில் பந்தயம் முடிந்தது. படி எடுத்து அளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மாடுகளுக்குத்தான் கொண்டாட்டம். அவ்வளவு கடலைக்கொடியை அவை கண்டதில்லை.

கடலை முடிந்து கிளம்பும் விருந்தாளிக்கு ஒரு பை காய் கட்டிக் கொடுப்பது வழக்கம். நான் வெறுங்கையோடு பஸ்ஸுக்கு நின்றேன். மாமா கூடவே வந்தார். மண் சரியில்லை, பனி சரியில்லை, விதை சரியில்லை. பாட்டிலைத் தவிர எல்லாமே சரியில்லை. அடுத்து எள்ளுக்கு அடித்துப் பார்க்கப் போகிறாராம். தம்பியின் மோட்டார் ஓடுவது ரோடு வரைக்கும் கேட்டது. தக்காளிக்கென்று ஒதுக்கிய இடம் வெயிலில் வெடித்துக் கிடந்தது. அக்காவும் பின்னாலேயே வந்தாள். பஸ் வந்து, நான் படியில் கால் வைத்ததும் சொன்னாள், மாமாவுக்கும் நன்றாகக் கேட்கும்படி:

"தம்பி, மறுக்கா வரும்போது அந்த டானிக்குல ரெண்டு பாட்டில் வாங்கியா. கெணத்துல ஊத்திப் பாக்கலாம், தண்ணி வளருதான்னு."