முன்பக்கம் மட்டும் காட்டும் புத்தகம்

தையல் பிழைத்தால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு பிழைத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெசினில் உட்கார்ந்தவள் நான். இந்தக் கதையையும் எங்காவது பிழையாக வெட்டிவிடுவேனோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று கேட்பவர்களுக்குத் தைக்கும் நீங்களாவது என்னை மன்னிப்பீர்கள்.

செத்தவீட்டு முகங்கள்

எங்கள் ஓலைத்தொடுவாய் ஊர் டிலானி கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். கால்வரை நீண்ட கலியாணச் சட்டை தைக்கத் தாயோடு வந்தவள், பெரிய இடத்துப் பெண்களின் உடுப்புப் புத்தகத்தில் அந்த மாதத்து இதழைக் கொண்டுவந்தாள். மெசின் எண்ணெய் பட்டுவிடும் என்று சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிய பிறகே தொட்டேன். ஆங்கிலம் வராது, படம் பார்த்தேன். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. தாய் ஜெசிந்தா அக்கா எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு வடிவான சட்டை போட்டும் ஏன் இதுகள் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நிக்குதுகள்?"

முதுகு எங்கே?

டிலானி காட்டிய படத்தில் பெண் சுவரோடு சாய்ந்து நின்றாள். பின்பக்கம் தெரியவில்லை. கோயிலில் பாதர் பூசையை முடிக்கும்வரை சனம் பார்ப்பது மணப்பெண்ணின் முதுகைத்தானே! லேஸ் துணியோ இத்தாலியிலிருந்து அவளுடைய தமையன் அனுப்பிய ஒரே துண்டு. ஒரு கிழமை கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. பிறகு முதுகைக் கழுத்துவரை மூடி வெட்டி, பக்கவாட்டில் சிப் வைத்துத் தைத்தேன்.

போட்டுப் பார்க்க வந்த அன்று டிலானி புத்தகத்தில் நான் பார்க்காமல் விட்ட கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். அதே சட்டை, பின்பக்கம். இடுப்புவரை திறந்த முதுகு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன அன்ரி, எல்லாத்தையும் மூடிப்போட்டியளே!"

இரண்டு கட்டளைகள்

அடுத்த நாள் டிலானி தனியாக வந்து, திறந்துவிடச் சொன்னாள். அவள் போன கையோடு தாய் வந்து, திறந்தால் கோயிலுக்குள் தலை காட்ட முடியாது என்றார். கடைசியில் அந்தோனியாரை மன்றாடி, நடுமுதுகில் நேராக ஒரே வெட்டு வெட்டினேன். கழுத்திலிருந்து இடுப்புவரை இருபத்திரண்டு பொத்தான்கள் வைத்தேன். பூட்டுவதும் திறப்பதும் அவர்கள் பாடு.

கலியாணம் முடிந்து பலகாரம் கொண்டுவந்த ஜெசிந்தா அக்கா என் காதோடு சொன்னார்:

"பூசைக்கு எல்லாம் பூட்டித்தான் இருந்தது, மண்டபத்துக்குப் போற வழியில வாகனத்துக்குள்ள பன்னிரண்டைக் கழட்டிப்போட்டாள், நான் காணாத மாதிரி இருந்திட்டன்."

அன்றிலிருந்து எந்தப் புத்தகம் வந்தாலும் முன்பக்கத்தைப் படம் பார்த்துத் தைக்கிறேன், பின்பக்கத்துக்குப் பொத்தான் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.