பானைக்குள் இருந்த விரல் தடம்

இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டியதில்லை. உடைந்த பானையின் துண்டுகளை இந்தக் கையால் எடுத்துப் பார்த்திருக்கிறேன். டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறேன்.

டீச்சர் எனக்குப் பக்கத்து வீடு. கணக்குப் பாடம் எடுப்பவர். வீட்டுக்காரர் மோட்டார் மெக்கானிக். ஒரே பெண் குழந்தை, ஆறு வயது, சிட்டு என்று கூப்பிடுவார்களாம். ஒரு சனிக்கிழமை நாலு மணி வாக்கில், ஊருக்குப் பின்னால் ஓடும் ஓடையில் வழுக்கி விழுந்து போய்விட்டாள். அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார்கள்.

குழந்தையைத் தண்ணீரிலிருந்து தூக்கியவர் வீட்டுக்காரர்தான். "விழுந்ததும் தலையில அடிபட்டுடுச்சும்மா. ஒரு நொடிதான். அவளுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்று அன்றே சொல்லிவிட்டார். டீச்சர் சாப்பிட்டதும் தூங்கியதும் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான். அதுவும் இல்லையென்றால் அவர் இருந்திருக்கவே மாட்டார்.

கை சும்மா இருந்தால் மனம் பாழாய்ப் போகிறது என்று பானை செய்யக் கற்றுக்கொண்டார். களிமண் கொண்டுவருவது வீட்டுக்காரர் பொறுப்பு. டீச்சர் அதை வாளியில் ஊறவைத்து, பழைய போர்வையில் வடிகட்டி, கல்லும் வேரும் நீக்கிப் பிசைவார். ஒரு மூட்டை வந்தால் இரண்டு மாதம் ஓடும். இவரோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு மூட்டையோடு வந்து நின்றார். பின்கட்டில் நடக்க இடமில்லை.

"என்னங்க, செங்கல் சூளையா வைக்கப் போறோம்?"

அவர் சிரிக்கவில்லை.

அன்று சனிக்கிழமை. மண்ணைக் கயிறு போல் உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, ஒரு கூஜா செய்து முடித்தார். கழுத்து ரொம்பக் குறுகல், இரண்டு விரல்தான் நுழையும். கழுத்து முதலில் காய்ந்தால் விரிசல் விடும். அதனால் வாயில் ஈரத்துணி போட்டு, மேலே பாலிதீன் சுற்றி நூலால் கட்டினார். அப்போது மணி மூன்று பத்து.

மூன்று நாற்பதுக்கு ஒரு சத்தம்.

சர்ர்... சர்ர்...

எலி என்று நினைத்தார். மூட்டைகளை நகர்த்திப் பார்த்தார். எதுவும் இல்லை. சத்தம் கூஜாவிலிருந்து வந்தது.

பாலிதீன் உள்ளிருந்து உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது. காற்று புகுந்துவிட்டது போல என்று இன்னும் இரண்டு சுற்று நூல் போட்டு இறுக்கிக் கட்டினார்.

சத்தம் வேகமானது. சர்ர் சர்ர் சர்ர்...

மூன்று ஐம்பத்திரண்டுக்கு நின்றது.

மறுநாள் தூக்கிப் பார்த்தார். வெளியே மண் இறுகியிருந்தது. ஆனால் இரும்புக் கனம். உள்ளே தண்ணீர் தளும்பியது. டீச்சர் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

கை நழுவியது.

உடைந்தது.

தரையெங்கும் தண்ணீர். ஓடைத் தண்ணீரின் பாசி வாடை.

துண்டுகளின் உட்பக்கம்...

விரல் தடங்கள். நான்கு நான்காக. சின்ன விரல்கள். அடியிலிருந்து மேலே ஏறி, வழுக்கி, மறுபடி ஏறி... கழுத்துக்குச் சற்றுக் கீழே எல்லாமே நின்றுவிட்டன.

டீச்சர் கை அதற்குள் போகவே போகாது.

"நான்தானே இறுக்கிக் கட்டினேன்..." என்று அவர் போட்ட அலறலில்தான் நான் ஓடினேன்.

மூட்டையோடு உள்ளே வந்த வீட்டுக்காரர், துண்டுகளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மண்ணு ஏதுங்க?"

"அவ விழுந்த கரைதான்."

"அங்க ஏன் வெட்டினீங்க?"

"கரை முழுக்க நகக்கீறல் இருந்துச்சும்மா... ஏறப் பார்த்திருக்கா. நீ பார்த்துடக் கூடாதுன்னு வெட்டி எடுத்துட்டேன்."

"அதுக்கு ஒரு மூட்டை போதுமே?"

அவர் கொண்டுவந்த மூட்டையைத் தள்ளி வைத்தார்.

"வெட்டினா... அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி இருக்கும்மா."

ஒரு நொடிதான் என்ற பொய் அத்தோடு போயிற்று. டீச்சர் அவரைத் திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இருட்டுவதற்குள் அந்தச் செங்குத்துக் கரையில் ஏழு படி வெட்டினார். குழந்தை ஏறி வர.

அடுத்த ஞாயிறு இருவரும் போய்ப் பார்த்தார்கள். கரையில் ஒரு கீறல்கூட இல்லை. படியில் சின்ன ஈரக் கால் தடம். ஒன்று, இரண்டு... ஆறு. ஆறாவது படியில் இரண்டு காலும் சேர்ந்து நின்றிருந்தன. ஏழாவதில் எதுவும் இல்லை. அந்த ஒரு படியை மட்டும் பெரியவர்கள் கால் எட்டும் உயரத்துக்கு வெட்டிவிட்டார் டீச்சர். கடைசிப் படி சிட்டுவுக்கு இடுப்பளவு.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு மண்டியிட்டு, அந்தப் படியை இரண்டாக வெட்டினார்.

அதற்கடுத்த ஞாயிறு காலை நானும் கூடப் போனேன். கடைசிப் படியிலும் தடம் இருந்தது. அதற்கு மேலே புல். எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை.

"அவளுக்கு நம்ம புது வீடு தெரியாதேங்க..." என்றார் டீச்சர்.

மூவரும் பழைய வீட்டுக்கு ஓடினோம். இப்போது குடியிருக்கும் பெண் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நேத்து நாலு மணி இருக்கும். யாரோ கதவைத் தட்டினாங்க. கீழ இருந்து... குழந்தை தட்டற மாதிரி. திறந்தா யாரும் இல்ல. வாசல் மட்டும் ஈரம். துடைச்சிட்டுத் தாழ்ப்பாள் போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் தட்டிச்சுங்க. ரொம்ப நேரம்..."

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருந்துச்சு. திறக்கல."