வலிதாங்கி திருப்பிக் கொடுத்தது

வலிதாங்கி என்ற பெயரை மருமகள் முதன்முதலில் கேட்டது கல்யாணமான மூன்றாம் வாரம், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். ஆளுக்கொரு முனையாகப் படுக்கை விரிப்பை இழுத்துப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது எதிர்முனைக்காரி கேட்டாள்:

"வலிதாங்கி மருமக நீதானா? தலைவலின்னு உன் மாமியார்கிட்ட மட்டும் சொல்லிராத. வாங்கிக்குவாங்க."

"பாத்திரம் தேய்க்கிறதையும் சேத்து வாங்கிக்கிட்டா நல்லதுதான்," என்று இவள் சிரித்தாள். எதிரில் இருந்தவள் சிரிக்கவில்லை.

மாமியார் அதே கூடத்தில் முப்பது வருஷம் இஸ்திரி போட்டவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே மகனை ஜெபத்தாலேயே வளர்த்தவள்.

பேத்திக்கு நாலு வயதான வருஷம், மர மில்லில் அந்த மகனின் வலது கை இயந்திரத்தில் மாட்டியது. வார்டே அதிரக் கத்தினான். எந்த ஊசிக்கும் வலி அடங்கவில்லை. மாமியார் கட்டிலருகே முட்டி போட்டாள். "எனக்காக நீர் பட்டீரே ஆண்டவரே, இவனுக்காக நான் படுறேன். எங்கிட்ட குடுத்துரும்."

அலறல் பாதியில் நின்றது. அவன் கொட்டாவி விட்டு, "பசிக்குதும்மா," என்றான். மாமியாரின் வலது கை, பிழிந்த துணி போல மெல்லச் சுருண்டதை மருமகள் கண்ணால் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன நடந்திருக்கிறதென்று மருமகளுக்குப் புரிந்தது. கொதிக்கும் பாத்திரத்தை அவன் வெறுங்கையால் பிடித்தான். தோல் கருகும் வாடை வந்தும் பேச்சை நிறுத்தவில்லை. அதுகூடப் போகட்டும். குழந்தை படியில் உருண்டு, நெற்றி பிளந்து, "அப்பா!" என்று கதறியபோது, மழையை வேடிக்கை பார்ப்பவன் போல உட்கார்ந்திருந்தான்.

"எதுக்கு இவ்ளோ சத்தம் போடுறா?" என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

குழந்தைக்குக் கட்டுப் போட்ட கையோடு மருமகள் மாமியார் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, அவர் வலிய அவர்கிட்டயே குடுத்துருங்க."

"பெத்தவகிட்ட கேக்குற கேள்வியாடி இது? எனக்கு இது ஒரு பாரமே இல்ல."

"உங்களுக்கு இல்ல. எம்பிள்ளைக்கு அப்பா இருந்தும் இல்லாம போச்சு. ஆண்டவரோட அம்மா சிலுவைக்குக் கீழ நின்னாங்களே, அந்த ஆணிய என் கையில அடிங்கன்னு சொல்ல அவங்களுக்கு மட்டும் ஆசை இருந்திருக்காதா? நின்னாங்க அத்தை. கூடவே நின்னாங்க."

"பட்டுக்கிறது சுலபம்டி," என்றாள் மாமியார். "பாத்துக்கிட்டு நிக்கிறதுதான்..."

மகன் இருந்த அறைக்குப் போனாள். இந்த முறை முட்டி போடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சுருண்ட விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவன் தன் கையை, இப்போதுதான் முளைத்தது போல உற்றுப் பார்த்தான். வார்டில் பாதியில் நின்ற அதே அலறல், நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தது.

ஓடி வந்த குழந்தையின் நெற்றிக் கட்டைப் பார்த்ததும், "ஐயோ, வலிக்குதாடா கண்ணு?" என்று அவளை வாரி அணைத்துக்கொண்டு அழுதான். தலைமாட்டில் நின்ற தாய், நீட்டத் துடித்த கையை மறுகையால் பிடித்துக்கொண்டு, பொழுது சாயும்வரை அங்கேயே நின்றாள்.

இப்போது மாமியாருக்கு எழுபத்தொன்பது வயது. மகன் வீட்டு மாடியறையில் இருக்கிறாள்.