படுக்கவைத்த எஞ்சின்

பெடல் படகுகளை வாடகைக்கு விடும் ஓர் ஏரிக்கரையில் இரண்டு வருடம் வேலை செய்தேன். ஜேர்மனியில், வுப்பர்டாலில் இருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அணை கட்டி மறித்த ஏரி அது. பெற்றோல் எஞ்சின் எதையும் அதில் ஓடவிடமாட்டார்கள். ஒன்றுக்கு மட்டும் அனுமதி இருந்தது. யாராவது தண்ணீரில் விழுந்தால் விரைந்து போய்த் தூக்குவதற்கு ஒரு காவல் படகு, அதன் பின்னால் பூட்டிய இருபத்தைந்து குதிரைவலு எஞ்சின். காவல் படகு ஓடாவிட்டால் ஈஸ்டருக்குப் படகுத்துறையைத் திறக்க முடியாது. துறை திறக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும்.

நான் 1997இல் இந்த நாட்டுக்கு வந்தவன். புறப்படும்போது மனைவி ஆறு மாதக் கர்ப்பம். பெண் குழந்தை பிறந்தது, படத்தில்தான் பார்த்தேன். என் அகதி விண்ணப்பத்தை இரண்டு தரம் நிராகரித்தார்கள். ஆனால் திருப்பி அனுப்பவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடதாசியில் முத்திரை குத்தித் தருவார்கள். உன்னை அனுப்புவதை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம் என்பது அதன் பொருள். அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு மனைவி பிள்ளையைக் கூப்பிட முடியாது. நான் ஊருக்குப் போய்வரவும் முடியாது. பத்து வருடம் இப்படி மூன்று மூன்று மாதமாகப் போனது. முதல் இரண்டு வருடம் அழுதேன். பிறகு கொஞ்சக் காலம் எல்லோருடனும் சண்டை பிடித்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டேன், கடித்தாலும் தெரியாது.

அந்தச் சமயத்தில் ஒரு புது விதி வந்தது. என்னைப் போல நீண்ட காலம் தொங்கிக்கொண்டிருந்தவர்கள், நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளியின் கடிதம் கொண்டுவந்தால் வதிவிட அனுமதி கிடைக்கும். அது கிடைத்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம். படகுத்துறையின் முதலாளி எழுபதை நெருங்கிய மனிதர், பேச்சில் கஞ்சன். “காவல் படகு ஓடட்டும். கடிதம் தருகிறேன்” என்றார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்குக் குறித்த சந்திப்பு, இங்கே டெர்மின் என்பார்கள், ஈஸ்டருக்கு முன் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு. அதற்குள் எஞ்சின் எழும்பவேண்டும்.

அவர் என்னை வேலைக்கு எடுத்ததே எஞ்சினுக்காகத்தான். “எஞ்சின் தெரியுமா?” என்று கேட்டார். நான் கடற்கரையில் பிறந்தவன். எங்கள் வீட்டிலும் அதே வகை எஞ்சின், அதே பருமனில் இருந்தது. “எஞ்சினோடு பிறந்தவன்” என்று என் ஓட்டை ஜேர்மன் மொழியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நம்பிவிட்டார்.

ஒக்டோபர் கடைசியில் துறையை மூடினோம். எஞ்சினைக் கொட்டிலுக்குள் வைத்துவிடு என்று சொல்லிவிட்டு அவர் குளிர்காலத்துக்குத் தன் மகளிடம் போய்விட்டார். ஊரில் கடலால் வந்த எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவருவோம். உள்ளும் புறமும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிச் சாக்கில் படுக்கவைப்போம். கழுவாவிட்டால் உப்புத் தின்றுவிடும். நிமிர்த்தி வைத்தால் யாராவது தட்டி விழுத்திவிடுவார்கள். கைக்குப் பழகிய வேலை, அதையே இங்கும் செய்தேன். குழாயைப் பூட்டி அரை மணி நேரம் உள்ளே தண்ணீர் ஓடவிட்டேன். பழைய கம்பளி ஒன்றை விரித்து, தலைப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கப் படுக்கவைத்தேன். இன்னொரு கம்பளியால் போர்த்தியும் விட்டேன். கொட்டில் சுவரில் எஞ்சினை நிமிர்த்தி மாட்டுவதற்கென்றே ஒரு மரத் தாங்கி அடித்திருந்தது. அதைப் பார்த்தேன். பாவம், இவருக்கு எஞ்சினைப் படுக்கவைக்கத் தெரியாதுபோல என்றுதான் நினைத்தேன்.

ஏரியில் உப்பே இல்லை. எதைக் கழுவினேன் என்று நான் யோசிக்கவில்லை. கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்றும் யோசிக்கவில்லை. எஞ்சின் நிமிர்ந்து நின்றால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். படுத்திருந்தால் உள்ளேயே தேங்கும். தேங்கியது குளிரில் உறையும், உறைந்தால் பருக்கும், பருத்தால் இரும்பானாலும் வெடிக்கும். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் இது தெரியும். எங்கள் ஊரில் ஐஸ் என்பது மீன் பெட்டிக்குள் போடுவது. அது தானாக வந்து ஒரு பொருளுக்குள் குடியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மார்ச்சில் டெர்மினுக்கு முந்திய திங்கட்கிழமை கம்பளியை எடுத்தேன். கொட்டிலுக்குள் இன்னும் குளிர். பிளக்குகளைக் கழற்றி உள்ளே இரண்டு துளி எண்ணெய் விட்டேன். காபரேற்றருக்குள் பழைய பெற்றோல் பிசின்போலக் காய்ந்திருந்தது. வயரில் இருந்து ஒற்றை இழையை உருவி, ஊசித்துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் துப்புரவாக்கினேன். புதுப் பெற்றோல் நிரப்பி, தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பில் எஞ்சினை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். ஒன்பதாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வெளிச்சுவரில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. துணியால் துடைத்தேன். திரும்பவும் ஈரமானது. இன்னொரு தரம் துடைத்தேன்.

விஷயம் விளங்கிவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து புட்டைச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, அது புட்டின் பிழையல்ல.

நான் இருந்த வீட்டில் எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணை ஒருவரும் இருந்தார். சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். பாதி வழி பொலிசுக்குத்தான் போகும். அன்று பின்னேரம் அவரிடம் சொன்னேன்.

“உவ்வளவுதானே? இரும்புப் பசை விக்கிறாங்கள். குழைச்சு அப்பிப்போட்டு மேலால பெயின்ற் அடிச்சுவிடு. வெள்ளைக்காரன் பெயின்றுக்குக் கீழ பாக்கமாட்டான்” என்றார்.

“நடு ஏரியில பசை விட்டுதெண்டா, அண்ணை? ஆக்களைக் காப்பாத்துற போட் அது.”

“ஈஸ்டருக்குத்தானே போட் ஓடும். உனக்கு வியாழக்கிழமை வரைக்கும் ஓடினாக் காணும். அங்கால பிறகு பாப்பம்.”

அதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பசை வாங்கிக் கோட்டின்மேல் அப்பினேன். காய்ந்தபின் அரம் போட்டு மட்டமாக்கி, அதே சாம்பல் நிறத்தில் பெயின்ற் அடித்தேன். அருமையான வேலை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் பூசி மறைத்ததில்லை.

புதன்கிழமை மத்தியானம் முதலாளிப் பெரியவர் பார்க்க வந்தார். பீப்பாயில் எஞ்சினை ஓடவிட்டேன். ஐந்து நிமிடம் ஒரு குறையும் இல்லை. அவர் மூடியைக் கழற்றச் சொன்னார். குனிந்து பார்த்தார். பிறகு பெயின்ற் அடித்த இடத்தில் சரியாகக் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சூட்டில் பசை இளகியிருக்கவேண்டும். விரலைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. எஞ்சினை நிறுத்தினார்.

“படுக்கவைத்தாயா?” என்று கேட்டார்.

“ஆம்.”

“ஏன்?”

சொன்னேன். உப்பு, நல்ல தண்ணீர், சாக்கு, வீட்டுக்குள் படுக்கிற எஞ்சின், எல்லாம் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழி முழுவதும் அதில் முடிந்துவிட்டது. அவர் கடைசிவரை கேட்டார்.

“ஐஸ் விளங்குகிறது” என்றார். “பெயின்ற் விளங்கவில்லை.”

வியாழக்கிழமை டெர்மின் என்று சொல்லியிருக்கலாம்; அது அவருக்கே தெரியும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். எனக்கு வேலை ஐந்து மணிவரை. ஐந்து மணிவரை பெடல் படகுகளுக்கு நட்டு முறுக்கினேன். கடிதம் இனி இல்லை என்று தெரியும். மனைவிக்கு என்ன சொல்வது என்று யோசிக்கப் பார்த்தேன், யோசனை ஓடவில்லை. நட்டு முறுக்குவது மட்டும் சரியாக நடந்தது.

வியாழன் காலை ஏழு மணிக்கு, என் பொருட்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று கொட்டிலுக்கு வந்தேன். அவர் இல்லை. நான் சட்டை மாட்டும் ஆணியில் என் பெயர் எழுதிய உறை ஒன்று குத்தியிருந்தது. உள்ளே கடிதம். திகதியைப் பார்த்தால், சில கிழமைகளுக்கு முன்பே டைப் அடித்து வைத்திருந்தார். ஏப்ரல் முதல் நிரந்தர முழுநேர வேலை என்று முதல் வரி. எஞ்சின் பராமரிப்பில் அனுபவமும் நம்பிக்கையும் உள்ளவர் என்று இரண்டாவது வரி. அந்த இரண்டாவது வரியை அளவுகோல் வைத்து நேராக வெட்டி, மேலே பேனாவால் ‘உதவியாள்’ என்று எழுதி, பக்கத்தில் சிறிய கையெழுத்து வைத்திருந்தார். அடியில் பெரிய கையெழுத்து.

நன்றி சொல்வதா, மானம் போனதென்று நினைப்பதா என்று தெரியவில்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு முதல் வரி மட்டுமே தேவைப்பட்டது. வெட்டிய வரியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். பிரதி எடுத்தாள், கோப்பில் வைத்தாள். அனுமதி கிடைத்துவிடும், முடிவைத் தபாலில் அனுப்புவோம் என்றாள். பத்து வருடம் அந்தக் கட்டிடத்தில் காத்திருந்ததற்குப் பதினைந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். சந்தோஷம் வரட்டும் என்று இரண்டு பஸ்ஸை விட்டுப் பார்த்தேன். வரவில்லை. மூன்றாவது பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

ஈஸ்டருக்கு முதலாளி பக்கத்து ஏரியின் பாய்க்கப்பல் கழகத்திடம் ஓர் எஞ்சின் இரவல் வாங்கித் துறையைத் திறந்தார். ஏப்ரலில் ஒருநாள் எங்கிருந்தோ அதே வகையில் கைவிட்ட எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். அதன் கியர் உடைந்திருந்தது, சிலிண்டர் நல்லது. இரண்டு எஞ்சினையும் பிரித்து, எங்கள் எஞ்சினின் உடலுக்குள் அந்தச் சிலிண்டரைப் பூட்டினேன். நான்கு நாள் எடுத்தது. நட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது அவர் வந்து ஒவ்வொன்றையும் தன் கையால் திருகிப் பார்த்தார். அதன் பிறகு ஏரிக்குக் கொண்டுபோனோம். ஓடியது. காவல் படகில் இருவரும் அணைவரை போய்த் திரும்பினோம். திரும்பும்போது சுக்கானை என்னிடம் தந்தார்.

அனுமதி கிடைத்துவிட்டதென்ற கடிதம் அன்று காலையில்தான் வந்திருந்தது. நாலு மணிக்கு, துறைப் பலகையில் நின்று மனைவிக்குப் போன் எடுத்தேன். ஊரில் ஏழரை மணி.

“வந்திட்டுது. இனி நீங்கள் ரெண்டுபேரும் வரலாம். நாளைக்கே அலுவல் பாக்கத் தொடங்குவம்” என்றேன்.

அவள் அழுகிறாள் என்று நினைத்தேன்.

“என்னப்பா? கேக்குதோ?” என்று கேட்டேன்.

“கேக்குது. நான் வாறன். ஆனா இவள் மாட்டனெண்டுறாள். நீங்கள் போங்கோ அம்மா, நான் மாமியாக்களோட இருக்கிறன் எண்டுறாள்.”

“ஏனாம்?”

“அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம் எண்டு கேக்கிறாள்.”

மகளிடம் போனைக் கொடு என்றேன். கிழமைக்கு ஒருமுறை போனில் வருவாள். சுகமா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். வெட்கம் என்று நினைத்திருந்தேன். அவள் என்னை அப்பா என்றோ வேறெதுவும் சொல்லியோ கூப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“ஓம், சொல்லுங்கோ” என்றாள். பத்து வயதுக் குரல். நல்ல மரியாதையான குரல்.

“இஞ்சை நான் இருக்கிறன், பிள்ளை.”

“ஓம்” என்றாள். பிறகு, “அம்மாட்டைக் குடுக்கிறன்” என்றாள்.

மனைவி ஏதோ சொன்னாள். பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். பலகையில் குந்தியிருந்து அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். எட்டு வருடத்துக்குப் பிறகு வந்த அழுகை, நிறுத்தத் தெரியவில்லை. பெரியவர் படகைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து, இன்னொரு தரம் முதலில் இருந்து கட்டத் தொடங்கினார்.