பிள்ளையார் சுழி போட்டு வந்த நோட்டீஸ்

கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில், வாசல் படலில் அடித்து வைத்திருந்த மரப்பெட்டி எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. புறா வளர்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கடிதம் போடுவதற்காம்! இந்த ஊரில் வீடுகள் நம் ஊர் போல ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. தென்னைக்கும் வாழைக்கும் நடுவில், ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டது மாதிரி, தனித்தனியாக நிற்கும். தபால்காரர் உள்ளே வரமாட்டார். பெட்டியில் போட்டுவிட்டு, சைக்கிள் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். மழைக்காலத்தில் அந்தப் பெட்டியில் நத்தை ஏறிக் குடியிருக்கும். என் தம்பி கல்யாணப் பத்திரிகையை நத்தை தின்றதில் முகூர்த்த நேரம் மட்டும்தான் மிஞ்சியது. எந்தத் தேதி என்பது நத்தைக்குத்தான் வெளிச்சம். கல்யாணம் முடிந்த பிறகு போய் நின்றேன்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் தபால்காரர் முனை திரும்பும்போதே குரல் கொடுப்பார். "கோமதி, ஒங்க மாமன் மதுரையிலேருந்து எழுதியிருக்காக, காய்ச்சல் சொகமாயிருச்சாம்" என்பார். நான் கடிதத்தைப் பிரிக்குமுன் தெருவுக்கே சேதி தெரிந்துவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். சர்க்கார் சமாசாரம் என்றால் தமுக்கு அடித்துச் சொல்வார்கள். வரி கட்டவில்லை என்றாலும் சரி, காலரா ஊசி என்றாலும் சரி, ஊரே நின்று கேட்கும். அங்கே ஒருவன் பொய் சொல்ல நினைத்தாலும் நடுத்தெருவில் நின்றுதான் சொல்லியாக வேண்டும். நாலு பேர் "போடா" என்று சொல்லிவிடுவார்கள். இங்கே அது சத்தமில்லாமல் பெட்டிக்குள் விழுகிறது. அவரவர் எடுத்து, அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்து, அவரவர் பயப்பட வேண்டியதுதான்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. பம்பாயிலும் கொழும்பிலும் பினாங்கிலும் பாடுபட்டு ஒரு கூரை வாங்கியிருக்கிற நம்மவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒருவராவது தப்பிக்கட்டும் என்றுதான். ஊரில் இருப்பவர்கள் படித்தால், "பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுங்கள். வேறென்ன செய்ய முடியும் உங்களால்?

என் வீட்டுக்காரர் ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் ஒரு மிளகுக் கிடங்கில் மேஸ்திரி. சுள்ளிக்கல் பக்கம் ஒரு சந்தில் நாங்கள் வீடு வாங்கினோம். அதே சந்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு உண்டு. எங்கள் எல்லோருக்கும் பெரிய மனிதர் வேலாயுதம் அண்ணாச்சி. எங்களில் மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போலீஸ், எதற்கும் அவர்தான் முன்னால் நடப்பார், நாங்கள் பின்னால் கைகட்டிப் போவோம். வீடு வாங்கும்போதும் அவர்தான் கூட நின்றார். பத்திரம் மலையாளத்தில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரைத் தவிர எங்களில் யாருக்கும் தெரியாது. சரஸ்வதி பூஜை அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். படிக்கத் தெரியாததைக் கும்பிடுவது நமக்கென்ன புதிதா!

அந்தச் சந்தில் எனக்கு உயிர் பேச்சியக்காதான். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகுட்டி கிடையாது. தோப்பும்படி முக்கில் அடுப்பை வைத்துக் குழிப்பணியாரம் சுட்டு விற்றே மூன்று சென்ட் நிலம் வாங்கி ஓடு போட்டாள். ஒவ்வொரு ஓடும் அவள் கண்முன்னே ஏறியது. தாலி இருந்த கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் டிரங்குப் பெட்டிச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். "ஏட்டி, இந்த ஊரு என்னை என்ன வேணா சொல்லிக்கிடட்டும். ராத்திரி கதவச் சாத்திட்டா உள்ளே எல்லாம் என் ஊருதான்" என்பாள். எனக்கு அதைக் கேட்கக் கேட்கப் பெருமையாக இருக்கும்.

மொழிவாரியாக மாநிலம் பிரிந்து, இது கேரளம் என்று ஆன பிறகு எங்களுக்கெல்லாம் ஒரு கலக்கம். யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாயாக்கடையில் தமிழரைப் "பாண்டி" என்று யாராவது கேலியாகச் சொன்னால், முன்பு சிரித்துக்கொண்டு போன எங்கள் ஆட்கள் இப்போது திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கலக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் எங்களுக்குள் உட்கார்ந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டிக்குள் நோட்டீஸ் கிடந்தது. சுத்தமான தமிழில் அச்சடித்தது. வெளி மாநிலத்திலிருந்து வந்து வீடு வாங்கியவர்கள் தங்கள் மூலப்பத்திரத்தை மறுபதிவு செய்துகொள்ள வேண்டும். தவறினால் வீடும் மனையும் புறம்போக்காகக் கருதப்படும். பத்திரத்தை உள்ளூர்ப் பிரதிநிதியிடம் ஒப்படைத்துக் கையொப்பமிடவும். கீழே நில மறுபதிவு ஆபீஸ் என்று ஒரு பெயர், ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை. உள்ளூர்ப் பிரதிநிதி யார்? வேலாயுதம் அண்ணாச்சி. எல்லாவற்றுக்கும் மேலே, நட்ட நடுவில், அழகாக ஒரு பிள்ளையார் சுழி!

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடிவிட்டோம். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே இருந்தவர்கள் முகத்தில் நான் ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன். பேச்சியக்கா நோட்டீஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாத்தியாட்டி, சர்க்காரு நம்ம பாசையில எழுதியிருக்கு. பிள்ளையார் சுழி போட்டுல்லா எழுதியிருக்கு!" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷமாக இந்த ஊர்ச் சர்க்கார் எங்களுக்குத் தமிழில் ஒரு வரி எழுதியதில்லை. எழுதியதும் எல்லோருக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏன் அண்ணாச்சி, எந்தச் சர்க்கார் பிள்ளையார் சுழி போட்டு நோட்டீஸ் அனுப்பும்? நம்ம ஊரு தாசில்தாரு ஆபீஸ்லயே போடமாட்டாங்களே. இது நம்மாளு யாரோ கை பழக்கத்துல போட்டதுல்லா? அதுவும் ஞாயித்துக்கிழமை எந்தத் தபால்காரன் வந்தான்?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார். "கோமதியக் கோவில்பட்டியில கெட்டிக் குடுத்தது தப்பு. ஹைக்கோர்ட்டுல ஜட்ஜா உக்கார வச்சிருக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தோமாச்சேட்டனும் மேரிச்சேச்சியும். அவர்கள் வீடு வாங்கியதும் எங்களுக்கு முன்னே பின்னேதான். மறுநாள் காலையில் தோமாச்சேட்டனிடம் நோட்டீஸைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. நான் படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஞங்ஙள்க்கு இது கிட்டியில்லல்லோ" என்றார், தங்களுக்கு இப்படி ஒன்று வரவில்லையே என்று. முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரிடம், "ஒப்பிடல்லே கேட்டோ. ஆரு பறஞ்ஞாலும் ஒப்பிடல்லே" என்றார். யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதே என்று அந்த மனிதர் நல்லதைத்தான் சொன்னார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, "பாத்தியா, நம்மளப் பதியவிடாமப் பண்ணி எடத்தப் புடுங்கத் திட்டம் போடுதான். அவனுக்கு நம்ம தென்னை மேல ரொம்ப நாளா கண்ணு" என்றார். அட கண்றாவியே! வேலி தாண்டித் தன் பக்கம் விழுந்த நம் தேங்காயை எடுத்து வந்து கொடுக்கிற ஆள் அவர். ஆனால் சொன்னது மலையாளத்தில். அந்த ஒரு குற்றம் போதாதா?

பத்திரத்தை எடுக்க இவர் டிரங்குப் பெட்டியிடம் போனார். நான் அதன் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "எந்திரிட்டி" என்றார். "என்னத் தூக்கிட்டு எடுத்துக்கிடுங்க" என்றேன். அவர் கத்திய கத்தலில் மேரிச்சேச்சி வேலியில் வந்து நின்றாள். நான் அசையவில்லை. அடுப்பு மூட்டாத வீட்டில் அன்று இரண்டு பேரும் பட்டினி. கடைசியில், "தெருவுல நிக்கும்போது என்கிட்ட அழாதே" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

என் பெட்டி மேல் நான் உட்கார்ந்தேன். பேச்சியக்கா பெட்டி மேல் யார் உட்காருவது? ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "அக்கா, ரெண்டே நாள் பொறு. ஆபீஸ்ல போய் விசாரிச்சிட்டு வாரேன். அதுக்கப்புறம் குடு" என்றேன். அவள் கழுத்துச் சாவியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ஒனக்கென்னட்டி, புருசன் இருக்கான். வீடு போனா அவன் இன்னொண்ணு வாங்குவான். எனக்கு இந்த ஓட்டத் தவிர யாரு இருக்கா? பொறுத்திருந்து புறம்போக்குன்னு எழுதிட்டான்னா நான் எங்கே போயி நிப்பேன்? அண்ணாச்சி நம்ம ஆளு. அவரு ஏமாத்துவாரா?" என்றாள். அன்றே பத்திரத்தைக் கொடுத்து, அண்ணாச்சி நீட்டிய எழுதாத முத்திரைத்தாளில் கட்டைவிரலை அழுத்திக் கொடுத்துவிட்டு வந்தாள். வரும்போது நிம்மதியாக வந்தாள். எனக்கும் இரண்டு பணியாரம் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் மேரிச்சேச்சியைக் கூட்டிக்கொண்டு பத்திரம் பதிகிற ஆபீசுக்குப் போனேன். எனக்குப் பேச வராது, அவளுக்குப் பேச வரும். அங்கிருந்த குமாஸ்தா நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு ஆபீஸே கிடையாது, மறுபதிவும் கிடையாது என்று சேச்சியிடம் சொன்னார். பிறகு மேலே இருந்த சுழியை விரலால் தொட்டு, "இது எந்தா?" என்று என்னைக் கேட்டார். "கணபதி" என்றேன். அவர் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்ட, அவர் அடுத்தவரிடம் காட்ட, அறை முழுக்கச் சிரிப்பு. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நம் வீட்டுச் சாமியைத் திருட்டுக்குச் சாட்சியாகக் கூட்டிவந்து நிறுத்தியது போல இருந்தது.

நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். எல்லோரையும் வைத்துக்கொண்டு, "அப்படி ஆபீஸே இல்லையாம். வாங்கின பத்திரத்தையெல்லாம் இப்பவே திருப்பிக் குடுங்க" என்றேன். அவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு பழைய சிரிப்பு. "அது மேல இருக்குற ஆபீஸும்மா, கீழ இருக்கவனுக்குத் தெரியாது. நாளைக்கு எல்லாத்தையும் கையில தாரேன்" என்றார். விடிந்து போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. மனுஷன் குடும்பத்தோடு போய்விட்டார். எந்த ஊருக்கு என்று இன்றுவரை தெரியவில்லை. எழுதாத தாள்களில் என்ன எழுதினார் என்பது மட்டும் பிறகு தெரிந்தது. வீடுகளை எர்ணாகுளத்து வட்டிக்கடைக்காரர் ஒருவருக்கு விற்றதாக எழுதிக் கொடுத்திருந்தார். பேச்சியக்காவின் கட்டைவிரல் ரேகை அதில் பளிச்சென்று இருந்தது. கோர்ட்டில் அந்த ரேகை பேசியது, பேச்சியக்கா பேசியதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

சாயாக்கடையில், "பாண்டியெ பாண்டி பற்றிச்சு" என்று சொல்லிச் சிரித்தார்கள். பாண்டிக்காரனைப் பாண்டிக்காரனே ஏமாற்றிவிட்டானாம். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அழுதுகொண்டிருந்த என் முதுகைத் தடவிக்கொடுத்து மேரிச்சேச்சி, "கரயண்ட கோமதி. நிங்ஙளுடெ ஆள்க்கார் இங்ஙனெயாணு" என்றாளே, அழாதே, உங்கள் ஆட்களே இப்படித்தான் என்று, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த விதம் அதுதான். நான் அவள் கையை விலக்கவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

சந்துக்குள் வந்தால் அங்கே வேறு நியாயம். வேலாயுதம் அண்ணாச்சியை ஒருவரும் வாய்விட்டுத் திட்டவில்லை. "மலையாளத்தாளக் கூட்டிட்டுப் போயி நம்ம ஆளக் காட்டிக் குடுத்துட்டா. அவ சும்மா கெடந்திருந்தா அவரு எப்படியும் திருப்பித் தந்திருப்பாரு" என்றார்கள். நல்லா இருக்கு நியாயம்! திருடினவன் அண்ணாச்சி, திருட்டைச் சொன்னவள் துரோகி. அந்த வருஷம் கார்த்திகைக்கு ஒரு வீட்டிலிருந்தும் எனக்குக் கொழுக்கட்டை வரவில்லை. என் வீட்டுக்காரர் மட்டுமாவது, "நீ சொன்னது சரிதான்" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். நாங்கள் இன்றும் சொந்த வீட்டில்தான் தூங்குகிறோம். அவர் சொல்லவில்லை.

பேச்சியக்கா வீட்டை விட்டு இறங்கிய அன்று நான் போய் அவள் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டாள். "விடு. ஒன் வீடு ஒனக்கு இருக்குல்லா, போ" என்றாள். இப்போது அவள் இருப்பது தோப்பும்படிப் பாலத்தருகே ஒரு தகரக் கொட்டகையில். பணியாரக் கடையை மட்டும் விடவில்லை.

பல மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். போன வாரம் மனசு கேட்காமல் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். என் முறை வந்ததும், "நாலு குடுக்கா" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். தலை நன்றாக நரைத்துவிட்டது. கழுத்தில் கயிறு இல்லை. என் முகத்தைப் பார்த்தபடியே, ஊர் தெரியாத ஒருத்தியிடம் கேட்பது போல, மலையாளத்தில், "எத்ர வேணம்?" என்றாள்.

"நாலுக்கா. நான் கோமதி" என்றேன். அவள் நாலை எடுத்து இலையில் வைத்துப் பலகை மேல் தள்ளினாள், கையில் தரவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் மதுரைப் பக்கத்துச் சுமைதூக்கி. அவரைப் பார்த்ததும் அவள் முகம் விரிந்தது. "வாய்யா, வெயில்ல வந்திருக்கே. உக்காரு, சூடா எடுத்துத் தாரேன்" என்றாள்.