கோடையில் பார்த்த வயல்

சொந்த வயல் கைக்கு வந்ததும் துபாயிலிருந்து திரும்பிவிடுவேன் என்று கணவர் சொல்லியிருந்தார். வாங்கும் பொறுப்பு என்னுடையது. பவர் எழுதி அனுப்பியிருந்தார். கைக்குழந்தையோடு தஞ்சாவூர் வக்கீல் ஒருவரிடம் பத்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வில்லங்கம் சுத்தமா இருக்கும்மா. தாராளமா வாங்குங்க" என்றவர், அதை எழுதியும் கொடுத்தார்.

வைகாசியில் வயலைப் பார்த்தேன். வெடித்த மண், மேயும் ஆடுகள். கோடையில் எங்கள் பக்கத்து வயல் எல்லாமே அப்படித்தான் கிடக்கும். டெல்டாவிலேயே பிறந்த எனக்கு அது தெரியும். ஆனாலும் ஆளில்லாத வயல் என்றே நினைத்து வாங்கிவிட்டேன்.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. போய்ப் பார்த்தால் எங்கள் வயலில் ஒருவர் நாற்றங்காலுக்கு உழுதுகொண்டிருந்தார்.

"நீங்க யாருங்க?"

"குத்தகைக்காரன்மா. அப்பா காலத்துலேர்ந்து நாங்கதான் சாகுபடி. தாலுகா ஆபீஸ்ல பதிஞ்சிருக்கு. புதுசா வாங்கினது நீங்கதானா? புள்ளைக்கு வெயில் படுது, நிழலுக்கு வாங்க."

பதிவான குத்தகைக்காரரை வெளியேற்றச் சட்டம் விடாது. அந்தச் சட்டத்துக்காக எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் கொடி பிடித்து அடிபட்டார்கள். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றால் தவறு யாருடையது? எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வக்கீலிடம் போனேன்.

"குத்தகைப் பதிவைப் பாத்தீங்களா சார்?"

"வில்லங்கத்துல அது வராதேம்மா."

"அதெல்லாம் பாக்கத்தானே உங்ககிட்ட வந்தோம்?"

"நீங்க கேக்கலையே."

கேட்டிருக்க வேண்டுமோ? என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அவரிடம் ஏன் போகிறேன்?

"டாக்டர் மருந்தை மாத்திக் கொடுத்தா கேஸ் போடறாங்க. வக்கீல் மேல போட முடியாதா சார்?"

சிரித்தார். "போடலாமே. அதுக்கும் ஒரு வக்கீல் வேணும்." பிறகு குரலை இறக்கினார். "குத்தகை இருக்கறத மறைச்சு வித்தவர் மேல போடுவோம். நான் ஃபீஸே வாங்க மாட்டேன்."

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே யோசனை. நல்ல மனிதர்தானோ? ஆனால் தான் பார்க்காமல் விட்டதை அவரே கோர்ட்டில் சொல்வாரா?

அன்று போனில் கணவர் கேட்டார்: "அப்ப நான் இப்போதைக்கு வர முடியாதா?"

மறுவாரம் நாகப்பட்டினத்தில் வேறொரு வக்கீலைப் பார்த்தேன். விற்றவர், சுத்தம் என்று எழுதிக் கொடுத்த வக்கீல் இருவருமே பதில் சொல்ல வேண்டியவர்கள்தான் என்றார். ஜெயிப்போம் என்று மட்டும் சொல்லவில்லை. அதனாலேயே அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"வயலை ஒரு தடவை பாக்கணும். அறுப்பு முடியட்டும்மா, நடக்க சவுகரியமா இருக்கும்."

"வேண்டாம் சார்" என்றேன். "ஆள் நிக்கும்போதே வந்து பாருங்க."